தன்றொழிலும் தண்ணளியும்

திருச்சிற்றம்பலம்

உயிர்கள் அநாதியே ஆணவமலத்தாற் பிணிப்புண்டு கிடந்தன என்பதும், அவற்றின் அறிவு விளக்கமுறும் பொருட்டு முதல்வன் தனு கரண புவன போகங்களை மாயையினின்றுந் தோற்றுவித்துக் கொடுத்தருளினான் என்பதும் சைவசித்தாந்த நூல்களின் துணிபாம். கொடுக்கப்பட்ட உடம்பிற்குக் கைகள் உள. கைகளுக்குத் தொழில் உண்டு. ஆகவே உழுதல், நெய்தல், வனைதல், விற்றல், கற்பித்தல் முதலிய தொழில்களெல்லாம் உயிரின் வளர்ச்சிக்கென்று வகுக்கப்பட்ட துணைகளேயன்றி, அதற்கு இடையூறாக வந்து புகுந்தன அல்ல என்பது தானே போதரும்.

இஃது எளிதிற் பெறப்படும் பொருளாயினும், நம்மவருட் பலர் இதனைக் கடைப்பிடியாது மயங்குதல் கண்கூடு. சித்தாந்த வகுப்புக்களுக்கு மாலைப்பொழுதிற் பாடங்கேட்க வருவாருள் தறி வைத்து நெய்வோர் உளர். அச்சுக்கூடம் நடத்துவோர் உளர். மளிகைக்கடை வைத்திருப்போரும், தச்சுப்பட்டறை உடையோரும் உளர். இவர்கள் பலகாலும் பின்வரிசையில் ஒதுங்கியிருந்து, 'நாங்கள் பகல் முழுவதும் இலாப நட்டங்களிற் கிடந்து உழல்பவர்கள். எங்களுக்குச் சரியையில் ஒருசிறிது கைகூடினும் அமையும். ஞானநூல் எங்களுக்கு எட்டுமோ?' என்று கூறக் கேட்டிருக்கின்றேம். வேறு சிலர், தொழிலை விட்டொழித்தாலன்றி ஆன்ம லாபம் இல்லையெனக் கருதி, தம்மை நம்பியிருக்கும் மனைவி மக்களையும் பணியாளரையும் இடர்ப்படுத்தத் துணிகின்றனர். இவ்விருசாராரது எண்ணமும் சித்தாந்த நெறிக்கு ஒவ்வாது என்பதனையும், தன்றொழில் செய்வானுக்கு அத்தொழிலே மலபரிபாகத்திற்கு உரிய களமாதலையும் திருத்தொண்டர் வரலாறுகளைக் கருவியாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தன்றொழிலின் இயல்பு

பிறர்க்கு ஏவலாளனாய் நில்லாது, தன் கைம்முதலும் தன் கைத்திறனுமே பற்றுக்கோடாகத் தானே தலைவனும் தானே பணியாளனுமாய் நின்று ஆற்றுந் தொழிலைத் தன்றொழில் என்றாம். சுயதொழில் என இக்காலத்து வழங்குவதும் அதுவே. அதற்குச் சிறப்பியல்புகள் மூன்று உள.

முதலாவது, மேலே ஒரு தலைவன் இன்மை. பிறரிடத்துப் பணிசெய்வான் பிழை செய்யின் அவனைக் கடிந்து திருத்துவார் உளர். தன்றொழில் செய்வானைக் கடிவார் இலர். அதனால் 'யான் செய்தேன். எனது முயற்சியால் வந்தது' என்னும் யான் எனது என்னுஞ் செருக்கு அவனிடத்து விரைந்து தழைக்கும். ஆணவத்தின் காரியமாகிய இச்செருக்குத் தன் வன்மை முழுவதையுங் காட்டுதற்கு இதனினும் தகுந்த இடம் பிறிதில்லை.

இரண்டாவது, வருவாய் ஒருபடித்தாய் நில்லாமை. திங்கள்தோறும் இன்ன தொகை வரும் என்று உறுதிகொண்டிருத்தற்கு இடமில்லை. ஒருகால் மிகும், ஒருகால் அருகும், ஒருகால் அறவே ஒழியும். இன்பத் துன்பங்களாகிய பிராரத்த நுகர்ச்சி இவனுக்குப் பேரேட்டின் இரு பக்கங்களிலும் நாடோறும் எழுதப்பட்டு எதிரே நிற்கும்.

மூன்றாவது, பொருள் கொள்வாரை நேர்முகமாகக் காணுதல். தான் நெய்த துணியை உடுப்பார் யாவர், தான் வனைந்த கலத்தில் உண்பார் யாவர் என்பது அவனுக்குத் தெரியும். அவர்தம் முகமலர்ச்சியும் முகவாட்டமும் அவன் கண்ணெதிரே நிகழும்.

இம்மூன்றனுள் முதலாவது நோய். ஏனைய இரண்டும் மருந்து. வருவாயின் ஏற்றத்தாழ்வு இருவினையொப்பைப் பயில்விக்கும் பள்ளியாகும். கொள்வாரை நேரே காண்டல் அன்பைப் பயில்விக்கும் பள்ளியாகும். நோயும் மருந்தும் ஒரே இடத்து வைக்கப்பட்டமை திரோதான சத்தியின் மறக்கருணை என்றே கொள்ளத்தக்கது.

முதல்வன் கொள்வோனாய் வந்தமை

சுந்தரமூர்த்தி சுவாமிகள் பதினொரு பாடல்களால் அருளிய திருத்தொண்டத்தொகையை முதனூலாகவும், நம்பியாண்டார் நம்பிகளது திருத்தொண்டர் திருவந்தாதியை வழிநூலாகவுங் கொண்டு, 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் விரித்தருளிய பெரியபுராணத்துள் தனியடியார் 63 பேரும் தொகையடியார் 9 கூட்டத்தாரும் போற்றப்படுகின்றனர். தனியடியாருள் மன்னரும் மறையவரும் உளராயினும், குயவர், வண்ணார், சாலியர், செக்கார், பரதவர், ஆயர், வணிகர், உழவர் எனத் தம் கைத்தொழிலால் வாழ்ந்தார் பலராதலை உற்றுநோக்குக. இவருள் மூவர்பால் முதல்வன் எழுந்தருளிய முறைமை பெரிதும் சிந்திக்கற்பாலது. அம்மூவரிடத்தும் அவன் தொழிலாளனது வாயிலில் வந்துநின்ற ஒரு வாடிக்கைக்காரனைப் போலவும், அடைக்கலம் வைப்பானைப் போலவும் வந்தான்.

தில்லையிற் கலம் வனைந்து, அடியவர்க்குத் திருவோடு அளித்துவந்தவர் திருநீலகண்ட நாயனார். அவரிடம் சிவயோகியாராய் வந்த முதல்வன் ஓர் ஓட்டைக் கொடுத்து, வேண்டும்பொழுது தருக என்று வைத்துச்சென்று, பின்னர் அதனைத் தானே மறையச் செய்து, திரும்பி வந்து கேட்டான். ஓடு வனைந்து விற்கும் ஒருவரிடத்து ஓர் ஓட்டையே அடைக்கலமாக வைத்தமை காண்க. நாயனார் வேறு நல்ல ஓடு தருவேன் என்றார், அவன் ஏற்றிலன். விலையால் அடைக்கலத்துக்கு ஈடுசெய்தல் ஆகாது என்பது இதனாற் பெறப்பட்டது. வழக்கு தில்லைவாழந்தணர் அவை ஏறி, மனைவியாரைக் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியஞ் செய்க என முடிந்தபோது, பல்லாண்டுகளாகத் தம் மனையகத்தே அடக்கிவைத்திருந்த விரதத்தை அவர் யாவரும் அறிய வெளியிட நேர்ந்தது. மூங்கிற்றண்டின் இருதலையும் இருவரும் பற்றி மூழ்கி, இளமை பெற்றெழுந்தனர். தொழிலின் நாணயமும் இல்லறத்தின் வாய்மையும் தம்முள் வேறல்ல. ஒன்றனைச் சோதிக்கப் புக்கவழி மற்றையதும் வெளிப்படும் என்பது இவ்வரலாற்றின் உட்கிடை.

காஞ்சிமாநகரத்து அடியவர் ஆடைகளை வெளுத்துக்கொடுக்கும் பணியினைத் தலைநின்றவர் திருக்குறிப்புத்தொண்ட நாயனார். அடியார் வாய்திறந்து கேட்குமுன்னரே அவர்தங் குறிப்பறிந்து செய்தலான் அப்பெயர் பெற்றார். தண்ணளிக்கு இதனினும் சிறந்த இலக்கணம் கூறல் அரிது. குளிரால் நடுங்கும் மெலிந்த உடம்போடும் அழுக்கேறிய கந்தையோடும் வந்த முதியவர், கதிர் மறைவதற்கு முன் உலர்த்தித் தருக எனத் தவணை குறித்துக் கொடுத்தார். தோய்த்து வெள்ளாவி வைத்துப் புடைத்தெடுத்த பின்பு, விடாமழை பொழிந்தது. மழை பெய்தது தம் குற்றம் அன்று என்று நாயனார் தம்மைத் தேற்றிக்கொள்ளவில்லை. சொன்ன காலத்துக் கொடாமையால் ஒரு முதியவர் உடம்பு வருந்துமே என்பதொன்றே அவர் நெஞ்சிற் பட்டது. துணி துவைக்கும் கல்லிலே தம் தலையை மோதப்புக்கார். கல்லிடத்துத் தோன்றிய திருக்கை தடுத்தது. இங்கே சோதிக்கப்பட்டது தவணை தவறாமை.

பழையாறையிற் பொன்னும் மணியும் பட்டும் விற்ற வணிகர் அமர்நீதி நாயனார். திருநல்லூரில் மடம் அமைத்து அடியவர்க்கு அமுதும் கந்தையும் கீளும் கோவணமும் உதவியவர். பிரமசாரியாய் வந்த முதல்வன் ஒரு கோவணத்தை அடைக்கலம் வைத்து மறைவித்து, ஈடாகத் தன் தண்டிற் கட்டிய மற்றொரு கோவணத்துக்கு ஒத்த நிறை கேட்டான். துலாக்கோல் நாட்டப்பட்டது. பட்டும் பொன்னும் மணியும் ஏற்றியும் தட்டு நேர்நில்லவில்லை. ஈற்றில் நாயனாரும் மனைவியாரும் மைந்தனாருந் தட்டில் ஏறிய பின்னரே கோல் நேர்நின்றது. வாழ்நாள் முழுவதும் பிறர்க்கு நிறுத்துக்கொடுத்த வணிகர், தம்மையே நிறுத்துக் காட்டும்படி நேர்ந்தது. இங்கே சோதிக்கப்பட்டது நிறை.

இம்மூன்றையும் ஒருங்குவைத்து நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகும். அடைக்கலம் திருப்பித் தருதல், தவணை காத்தல், நிறை பிழையாமை என்னும் மூன்றும் தொழில் நடத்துவார் வழுக்கி விழும் இடங்கள். முதல்வன் அவ்விடங்களையே தேர்ந்து வந்தான். நாயன்மாரைத் தொழிலினின்றும் வெளியே அழைத்துச் சோதித்தானல்லன். அவர்தம் திகிரியின் அருகும், துறையின் கல்லிலும், கடையின் துலாத்தட்டிலும் சோதித்தான். ஆகவே நம் கடையேறி வருவான் ஒருவன் எத்துணை எளியனாயினும், அவனைப் பொருளளவில் நோக்காது, முதல்வன் திருவுள்ளத்தால் வந்தான் ஒருவனாகக் கருதுதல் வெறும் முகமன் அன்று. திருத்தொண்டர் நெறியே அதுவாம்.

வருவாய் அருகியவழி நின்ற நிலை

இனி, இரண்டாவது இயல்பாகிய வருவாயின் ஏற்றத்தாழ்வினை நோக்குவாம். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார், வலையிற் படும் மீன்களுள் ஒரு தலைமீனைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுதலை வழக்கமாகக் கொண்டிருந்தார். மீன் மிகுதியாகப் பட்டநாளில் ஒன்றை விடுதல் யாவர்க்கும் எளிது. நாடோறும் ஒரு மீனே பட, சுற்றம் பசியால் வருந்த, அவ்வொன்றனையும் விட்டுவந்தமையே அவர் பெருமை. அதற்கும் மேலாக, ஒருநாள் பொன்னும் மணியுமாய் ஒளிர்ந்த மீன் ஒன்று பட்டது. வறுமையிற் கொடுத்தவர், பெருஞ்செல்வம் எதிர்ப்பட்டபோதும் அதே கையாற் கொடுத்தார். இழவிலும் பேற்றிலும் ஒருபடித்தாய் நிற்கும் இந்நிலையே இருவினையொப்பின் நிழல். நூலிற் படித்து விளங்காத இருவினையொப்பு, இச்சிறு படகிலே விளங்கக் காண்கின்றோம்.

திருவொற்றியூரிற் செக்குத்தொழில் செய்து, திருக்கோயிலில் அல்லும் பகலும் திருவிளக்கேற்றிய கலிய நாயனார் வரலாறு, தொழிலிழந்து வருந்துவார் யாவரும் பலமுறை சிந்திக்கத்தக்கது. பெருஞ்செல்வராய் இருந்தவர் பொருளெல்லாம் தொண்டிற் செலவாக, தம் மரபினரிடம் எண்ணெய் பெற்று விற்றுக் கொணர்ந்து, கிடைத்த கூலியால் விளக்கிட்டார். அவர்கள் எண்ணெய் கொடாதொழிந்தபோது, செக்கு ஓட்டும் இடத்திற் கூலியாளாய் நின்று உழைத்தார். தலைவராய் இருந்த தொழிலிலேயே, தம்மையொத்தார் முன்னிலையில், கூலியாளாய் நிற்றல் எத்துணை அரிது! தன்றொழில் செய்வான் ஒருவனது 'யான்' என்பது அவன் தலைவன் என்னும் நிலையிலே குடிகொண்டிருக்கும். அந்நிலை போனவிடத்து அவன் தானே போய்விட்டதாக எண்ணி அழிகின்றான். கலிய நாயனாருக்கோ நிலை போயிற்று, பணி போகவில்லை. விளக்கு எரிந்தது. தலைமையும் கூலியும் அவருக்கு அவ்விளக்கின் இரண்டு திரிகளாயின. கூலியுங் கிடையாதாகி, மனையும் விற்று, பின்னர் வேறு வழியின்றித் தம் மிடற்றையரிந்து உதிரத்தை எண்ணெயாக்கத் துணிந்தவிடத்து முதல்வன் கை தடுத்தருளினான்.

அரிவாட்டாய நாயனாரும் செல்வம் ஒழிந்தபின் கூலிக்கு நெல்லறுத்து, செந்நெல் பெற்றால் அதனை இறைவனுக்கும், கார்நெல் பெற்றால் அதனைத் தமக்குமாக வகுத்துக்கொண்டமை ஈண்டு ஒப்பவைத்து உணரற்பாலது.

போட்டியாளனிடத்துக் காட்டிய அன்பு

கொள்வாரிடத்துத் தண்ணளி காட்டுதல் ஓரளவு எளிது. அவரால் ஊதியம் உண்டு. தன் தொழிலையே செய்து தன் வருவாயைக் குறைப்பானிடத்துத் தண்ணளி காட்டுதல் யாங்ஙனம்? இவ்வினாவிற்கு விடையாக நிற்பவர் ஏனாதிநாத நாயனார். அவர் எயினனூரில் வாட்பயிற்சி கற்பிக்குந் தொழிலுடையவர். அவ்வருவாயை அடியவர்க்கே ஆக்கியவர். அத்தொழிலையே உடைய அதிசூரன் என்பான், தன்பாற் கற்பார் குறையவும் நாயனார்பாற் கற்பார் பெருகவுங் கண்டு அழுக்காறுற்றான். போரில் தோற்றவன், பின்னர்த் திருநீற்றை வஞ்சகமாகப் பூசி, கேடயத்தால் மறைத்துவந்து, வெட்டுண்ணுஞ் சமயத்தில் வெளிக்காட்டினான். நாயனார் இவர் சிவனடியார் என்று கருதி, தம் எண்ணத்தை விடுத்தார். ஆயினும் படைக்கலமின்றி இருப்பாரைக் கொன்ற பழி அவனைச் சேராதிருக்க வேண்டுமென்று, வாளுங் கேடயமும் கையிற் பிடித்தவாறே எதிர்நின்றார். தன்னைக் கொல்ல வந்தவனுக்குப் பழி வாராதிருக்க நினைத்த இந்நினைவு தண்ணளியின் எல்லைநிலமாம்.

நம்மால் அவ்வெல்லை சேர்தல் அரிதேனும், அதன் தொடக்கத்தை யாவரும் பற்றலாம். எதிர்வரிசைக் கடைக்காரன் பொருளைப் பழித்துரையாமை, அவன் பணியாளை ஆசைகாட்டி இழுத்துக்கொள்ளாமை, அவனுக்கு இடர் வந்தநாளில் மகிழாமை என்னும் மூன்றும் அத்தொடக்கமாம்.

தடையும் விடையும்

அற்றேல், தொழிலாற் பொருளும், பொருளால் ஆசையும், ஆசையால் ஆகாமியமும் வளருமன்றோ? அவ்வாறாயின் தொழில் முத்திக்குத் துணையாதல் யாங்ஙனம் எனின், கூறுதும். மனம் வாக்குக் காயங்களால் நிகழும் வினை, 'யான் செய்தேன்' என்னும் முனைப்போடு கூடியவழியே ஆகாமியமாய் ஏறும். சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம், உயிர் முதல்வனோடு ஒற்றித்து நின்று அவன் பணியில் நிற்குமிடத்து மலமும் மாயையும் வினையும் அதனைத் தாக்கமாட்டா என்று அறிவுறுத்துகின்றது. இறைபணி நிற்றலாவது கையை மடக்கியிருத்தல் அன்று. செய்வது முழுவதும் அவனது எனக் கண்டு செய்தல். கம்பீலியிற் சாலியர் குலத்து நேச நாயனார் மனத்தைத் திருவடியிலும், வாக்கைத் திருவைந்தெழுத்திலும், கைத்தொழிலை அடியவர் பணியிலும் வைத்து, உடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்தார். மூன்று கருவிகளும் மூன்று இடங்களில் அமைந்தன. முனைப்பு நுழைதற்கு நாலாவது இடம் இல்லையாயிற்று. தறியை விட்டு அவர் எழுந்துபோகவில்லை என்பதை மறவற்க.

நாயன்மார் செயல் அற்புதச் செயல். நம்மனோர்க்கு அஃது எங்ஙனம் ஏலும் எனின், அதற்கும் விடை உண்டு. திருக்களிற்றுப்படியார் சிவதன்மத்தை மெல்வினை எனவும் வல்வினை எனவும் இருவகைப்படுத்துரைக்கும். தலையைக் கல்லில் மோதலும், மிடற்றை அரிதலும் வல்வினையின் பாற்படுவன. அவை அன்பு முறுகியவிடத்துத் தாமே நிகழ்ந்தன. பிறராற் பின்பற்றுதற்கு விதிக்கப்பட்டன அல்ல. அந்நாளுக்கு முன் எத்தனையோ நாள்கள் அமைதியாக ஆடை வெளுத்ததும், எண்ணெய் ஆட்டியதும், ஓடு வனைந்ததும் மெல்வினை. அது நமக்குரியது. கதையைக் கேட்பார் ஈற்றில் நிகழ்ந்த ஒருநாளையே நினைக்கின்றனர். அந்த ஒருநாளை ஈன்றவை அதற்கு முற்பட்ட நாள்களே.

தண்ணளி செய்வான் முதலிழந்து கெடுவான் என்பாரும் உளர். தண்ணளி என்பது கணக்கின்றிக் கடன் கொடுத்தலும், வாங்கிய விலைக்குக் குறைத்து விற்றலும் அன்று. கைம்முதலைக் காத்தலும் தண்ணளியே. அதனை நம்பிப் பணியாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. யாம் இளமையிற் பாடங்கேட்ட ஊரில் மாட்டுச்செக்கு ஒன்று இருந்தது. செக்குடையவர் எள் ஆட்டுதற்குக் கூலியோடு பிண்ணாக்கையும் எடுத்துக்கொள்ளும் வழக்கமுடையார்; ஆயின், ஒரு மாடு மட்டும் வைத்துப் பிழைக்கும் ஏழைப்பெண்டிர் கொணரும் எள்ளுக்குப் பிண்ணாக்கை அவர்கட்கே கொடுத்துவிடுவார். செல்வர் வீட்டு மூட்டை வந்து காத்திருப்பினும், முன்வந்தவரது படி எள்ளை ஆட்டிய பின்னரே அதனைச் செக்கில் இடுவார். இதனால் அவருக்குப் பெரும்பொருள் இழப்பு யாதும் நேர்ந்ததில்லை. முறை பிறழாமையும், எளியார்க்கு ஒரு சிறிது விட்டுக்கொடுத்தலுமே அவர் செய்த அறம். சித்தாந்தச் சொல் ஒன்றும் அவர் அறியார். ஆயினும் அவர் செக்கடி, அன்பின் பாடம் கேட்பதற்குரிய இடமாய் இருந்தது.

நாவலர் பெருமான் காட்டிய வழி

பிற்காலத்தும் இந்நெறிக்குச் சான்றாயினார் உளர். யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-இற் பிறந்த ஆறுமுக நாவலர், கிறித்தவ மிசனாரியார் நடத்திய பாடசாலையில் ஆசிரியராய் ஊதியம் பெற்று வாழ்ந்தவர். 1848-இல் அப்பதவியைத் துறந்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849-இற் சென்னை சென்று அச்சியந்திரங் கொண்டுவந்து, தாமே நூல்களை ஆய்ந்து, திருத்தி, அச்சிட்டு வழங்கத் தொடங்கினார். திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டம் அளித்ததும் அவ்வாண்டிலே. திருத்தொண்டர் வரலாறுகளை யாவரும் கற்றுணருமாறு பெரியபுராணத்தை வசனமாக்கி 1852-இல் வெளியிட்டார். 1864-இற் சிதம்பரத்திலும் வித்தியாசாலை கண்டார்.

பிறர் தருங் கூலியை விட்டுத் தாமே ஒரு தொழிலை மேற்கொண்ட நாவலர், அதனைத் தமக்கென்று பொருள் ஈட்டுதற்கு வாயிலாக்கினாரல்லர். அச்செழுத்துக் கோத்தலும், பிழை திருத்தலும், தாள் வாங்குதலுமாகிய வேலைகளைச் சிவபணியென்றே கொண்டார். பிழையின்றி அச்சிடுதலில் அவர் கொண்ட கண்டிப்பு, அமர்நீதியார் துலாக்கோலோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்கது. நிறை குறையாத பொருளைக் கொடுத்தலே அச்சுத்தொழிலாளன் நாணயம். யாழ்ப்பாணத்துப் பஞ்சம் வந்த 1877-இற் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகட்கு உணவளித்த அவர் தண்ணளி, அவர் தம் நாவன்மைக்கு எவ்வாற்றானுங் குறைந்ததன்று.

மடங்களின் கடமை

இப்பத்திரிகையைக் கற்போருட் பலர் மடங்களிலும் ஆதீனப் பாடசாலைகளிலுந் தொடர்புடையாராதலின், அவர்க்கு ஒன்று விண்ணப்பித்துக்கொள்ள விழைகின்றேம்.

சந்தான குரவருள் நான்காமவராகிய உமாபதி சிவாசாரியர், தம் ஆசிரியராகிய மறைஞான சம்பந்தரைப் பின்தொடர்ந்து சென்றகாலை, ஆசிரியர் நெசவாளரிடம் பாவுக்கு இடும் கூழை ஏற்றுப் பருகினார் என்பதும், அவர் கைவழியே ஒழுகியதை உமாபதியார் ஏற்றுப் பருகினார் என்பதும் வழிவழி வழங்கும் வரலாறு. சித்தாந்த அட்டகத்துள் எட்டு நூல்களை ஈந்த ஞானபரம்பரை, தறியடியில் வைத்த கூழின் வழியாக வந்ததென்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். அவ்வுமாபதியார், கொற்றவன்குடியிலிருந்த தம் மடத்துக்கு விறகு சுமந்து கொணர்ந்த பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை செய்து முத்தியளித்தமையும் யாவரும் அறிந்ததே. விறகு சுமந்தவர் பின்வரிசையில் இருத்தப்பட்டிலர்.

ஆதலின், கைத்தொழில் செய்வாரைக் கீழ்ப்படியினராக எண்ணும் வழக்கம் நம்மிடையே எஞ்சியிருப்பின், அது திருத்தொண்டத்தொகைக்கு நேர்மாறானது. 63 தனியடியார் திருவுருவங்களுக்குத் திருக்கோயிலில் நீராட்டி மாலை சூட்டுகின்றோம். அவர்தந் தொழிலைச் செய்வார் வாயிலில் வந்து நிற்குங்கால் முகங்கொடாதிருப்போமாயின், அவ்வழிபாடு எங்ஙனம் நிறைவுறும்? சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மெய்ஞ்ஞானியர்க்கும் அடியாரிணக்கத்தையும் திருவேட வழிபாட்டையும் ஆலய வழிபாட்டையும் ஒருங்கே விதிக்கின்றமை கருதுக.

கணநாத நாயனார் சீகாழியில் செய்த தொண்டு நமக்கு வழிகாட்டும். தம்பால் வந்தாரை நந்தவனப் பணி, மலர் கொய்தல், மாலை தொடுத்தல், திருமஞ்சனம் எடுத்தல், அலகிடல், மெழுகிடல், விளக்கிடல், திருமுறை எழுதல், வாசித்தல் என அவரவர்க்கேற்ற துறையிற் பயிற்றிக் கைத்தொண்டராக்கினார் அவர். மடங்கள் அன்னம் பாலித்தலோடு அமையாது, தொழில் தொடங்க விழையும் ஏழையிளைஞர்க்கு ஒரு தறியோ, ஒரு தையற்பொறியோ, தச்சுக்கருவியோ வாங்கிக்கொடுத்துத் துணைசெய்யுமாயின், அது கணநாதர் நெறியில் நிற்பதாகும். ஒருநாட் பசி தீர்த்தல் அறம். பிறர் பசியைத் தானே தீர்க்க வல்லவனாக ஒருவனை ஆக்குதல் அவ்வறத்தின் விளைவு.

நாட்பயிற்சி

முடிவாக, தன்றொழில் செய்யும் சைவ நன்மக்கள் நாடோறும் கைக்கொள்ளத்தக்க பயிற்சிகளைச் சுருக்கி ஈண்டுத் தருகின்றேம்.

காலையிற் கடை திறக்கும்போதும், தறியில் அமரும்போதும் திருநீறணிந்து திருவைந்தெழுத்தை எண்ணி, இன்று வருவார் யாவரும் முதல்வன் விடுத்தவர் என நினைக. முதல் வருவாயில் ஒரு பகுதியை, அஃது எத்துணைச் சிறிதாயினும், அதிபத்தரைப் போல அறத்துக்கென்று வேறு வைக்க. மிகுந்தநாளிலும் குறைந்தநாளிலும் அப்பகுதி மாறாதிருப்பதாக. குறித்த தவணையிற் பொருள் கொடுத்தற்கு இயலாதெனத் தெரிந்தவுடன், கொள்வானுக்கு முன்னரே தெரிவிக்க. அவன் வந்து ஏமாந்து நிற்கும்படி விடற்க. பணியாளர் கூலியை அவர் கேட்குமுன் கொடுக்க; குறிப்பறிதல் அங்கே தொடங்கும். மாலையிற் பேரேடு எழுதுங்கால், வரவு செலவோடு, இன்று யார்மாட்டுக் கடுஞ்சொற் சொன்னேம் என்பதையும் ஒருகணம் எண்ணிப்பார்க்க. இலாபத்தில் 'யான்' என்று எழும் நினைவையும், நட்டத்தில் 'அந்தோ' என்று எழும் நினைவையும் ஒரு தட்டில் இட்டு நிறுத்துப் பார்க்க. இரண்டும் ஒரே முனைப்பின் இரு முகங்கள் என்பது நாளடைவிற் புலப்படும்.

இவ்வாறு பயில்வானுக்குத் தொழில் பெருகலாம், பெருகாதொழியலாம். அது வினைப்பயன் வழியது. ஆயின் அவனது நெஞ்சு நெகிழ்ச்சியுறுதலும், யான் எனது என்னும் பற்றுத் தேய்தலும், எதிரே நிற்பான் துன்பம் தன் துன்பமாகத் தோன்றுதலும் தவறா. அன்பின் முதிர்ச்சியே மலபரிபாகத்துக்கு அடையாளம். அம்முதிர்ச்சி உற்றவிடத்துச் சத்திநிபாதம் தானே வந்தெய்தும். அங்ஙனம் எய்தும் இடம் காடாகவும் இருக்கலாம், மடமாகவும் இருக்கலாம், ஒரு சிறு கடையின் துலாக்கோலின் அருகாகவும் இருக்கலாம். எவ்விடத்தும் எழுந்தருள வல்ல முதல்வன், திருத்தொண்டர் தொழிற்களங்களிற் பன்முறை எழுந்தருளினான் என்பதே பெரியபுராணம் நமக்கு அளிக்கும் ஆறுதலும் துணிவுமாம்.

திருச்சிற்றம்பலம்